உடல்மேல் விழும் கோடு: யார் சரிபார்த்தது?

ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்துவிட்டது ஆக்மென்டட் ரியாலிட்டி. சர்ஜனின் கண்ணெதிரே வழிகாட்டும் படத்தை எவ்வளவு நம்பலாம்? சென்னை கேட்க வேண்டிய கேள்விகள்...

முகம் முழுக்கத் துணி போர்த்தியிருக்கிறது. வட்டமாக வெட்டிய துளை வழியே வெளியே தெரிவது ஒரே ஒரு கண். மேலே தொங்கும் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கும் டாக்டருக்கு அந்தக் கண்ணோடு சேர்த்து இன்னொன்றும் தெரிகிறது. கருவிழியின் குறுக்கே சாய்வாக ஓடும் நீலக் கோடுகள். நோயாளி கண்ணை இம்மியளவு அசைத்தால் கோடும் கூடவே அசைந்து, மறுபடி தன் இடத்தில் நிற்கிறது. உள்ளே வைத்த செயற்கை லென்ஸை டாக்டர் மெல்லத் திருப்புகிறார். லென்ஸின் விளிம்பில் இருக்கும் நுண்புள்ளிகள் அந்த நீலக் கோட்டோடு ஒரே வரிசைக்கு வந்ததும் கையை நிறுத்துகிறார். சுவரிலுள்ள மானிட்டரைத் திரும்பிப் பார்க்கும் நர்ஸுக்கும் கோடு தெரியும். மேஜைமேல் கிடக்கும் கண்ணை நேரடியாகப் பார்த்தால் அப்படி எந்தக் கோடும் கிடையாது.

ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர், தி.நகர், நுங்கம்பாக்கம் என்று கண் மருத்துவமனைகள் அடுத்தடுத்து நிற்கும் இந்த நகரத்தில், மேலே சொன்னது விஞ்ஞானப் புனைகதைக் காட்சி இல்லை. சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்குக் கண்புரை நீக்கியபின் வைக்கும் டோரிக் லென்ஸுக்காக உலகெங்கும் வழக்கத்துக்கு வந்துவிட்ட முறை இது. ஜெய்ஸ் நிறுவனத்தின் கலிஸ்டோ ஐ, ஆல்கான் நிறுவனத்தின் வெரியான் போன்ற கருவிகள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. கேமரா பார்க்கும் உடலின் மீது, கம்ப்யூட்டர் கணித்த படத்தை ஒட்டவைத்துக் காட்டுவதுதான் ஆக்மென்டட் ரியாலிட்டி. சுருக்கமாக ஏ.ஆர். சில கருவிகள் அதை மைக்ராஸ்கோப்புக்குள் காட்டும். சில, தலையில் மாட்டிய கண்ணாடியில் காட்டும். இன்னும் சில, புரொஜெக்டர் வைத்து நேராக நோயாளியின் உடல்மேலேயே ஒளியாக வீசும்.

இப்படிப்பட்ட கருவிகளைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு வியப்பு வருகிறது. அடுத்து வர வேண்டியது ஒரு கேள்வி: அந்தக் கோடு சரியான இடத்தில்தான் விழுகிறது என்று யார் சரிபார்த்தார்கள்? எப்போது, எதை வைத்து? ஏ.ஆர். காட்டுகிற ஒவ்வொரு படமும் நோயாளியின் உடலைப் பற்றிய ஒரு கூற்று. ‘கட்டி இங்கே இருக்கிறது’, ‘ரத்தக் குழாய் இப்படிப் போகிறது’, ‘இந்தக் கோணத்தில் நிறுத்து’ என்று அது சொல்கிறது. கூற்று எவ்வளவு அழகான வண்ணத்தில் வந்தாலும், பிழை எவ்வளவு என்ற எண் கூடவே வராவிட்டால் அதை நம்பிக் கத்தி வைக்கக் கூடாது. அந்த எண்ணைக் கேட்கும் பழக்கம் நம் மருத்துவமனைகளுக்குள் வந்தாக வேண்டும். அதற்கான முன்மாதிரி வெளிநாட்டில் இல்லை, அடையாறிலேயே இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

சட்டகத்திலிருந்து கண்ணாடிக்கு

கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் கருவியைக் கணக்குப் போட்டு அனுப்புவது சென்னைக்குப் பழக்கமான வேலை. 1950-ல் மெட்ராஸ் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் பி.ராமமூர்த்தியின் அணி, அடுத்த பத்தாண்டுகளில் ஸ்டீரியோடாக்டிக் முறையில் நாடறிந்த பெயர் பெற்றது. ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர்களில் ஒருவரான டாக்டர் டி.எஸ்.கனகா வளர்ந்தது இந்தப் பள்ளியில்தான். நோயாளியின் மண்டையோட்டில் உலோகச் சட்டகத்தை இறுக்கிப் பொருத்தி, எக்ஸ்ரேயில் தெரியும் அடையாளங்களை வைத்து நீளம், அகலம், ஆழம் என்று மூன்று எண்களாக இலக்கைக் குறித்து, அந்த எண்களின்படி ஊசியை இறக்குவார்கள். படத்தையும் உடலையும் ஒன்றோடொன்று பொருத்துவதுதான் அங்கும் உயிர்நாடி. இன்றைய ஏ.ஆர். கண்ணாடி செய்வதும் அதே பொருத்தம்தான். சட்டகத்தின் இடத்தில் கேமரா வந்துவிட்டது.

•••
பெட்டிச் செய்தி: வேகமாக வந்த பத்தாண்டு

2013 செப்டம்பரில் சென்னை லைஃப்லைன் மருத்துவமனையின் டாக்டர் ஜே.எஸ்.ராஜ்குமார் கூகுள் கிளாஸ் அணிந்து அறுவை சிகிச்சை செய்து, அதை நேரலையாகக் காட்டினார். இந்தியாவில் இது முதல் முயற்சிகளில் ஒன்று. 2018-ல் வெளியான ஆய்வின்படி, லண்டன் இம்பீரியல் கல்லூரி மருத்துவர்கள் மைக்ரோசாஃப்ட் ஹோலோலென்ஸ் வழியாகக் காலின் ரத்தக் குழாய்களைத் தோலுக்கு மேல் பார்த்து, திசு மாற்றும் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். முதுகெலும்பு அறுவைக்கான ஆக்மெடிக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்விஷன் கண்ணாடிக்கு 2019 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2020 ஜூனில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் அதைக் கொண்டு நோயாளி ஒருவருக்குத் திருகாணிகளைப் பொருத்தினார்கள். 2024-ல் ஜெம் மருத்துவமனையின் டாக்டர் ஆர்.பார்த்தசாரதி தலைமையிலான குழு, ஆப்பிள் விஷன் ப்ரோ அணிந்து லேப்ராஸ்கோப்பி செய்தது. அதே ஆண்டு அக்டோபரில், ஹோலோலென்ஸ் 2 தயாரிப்பை நிறுத்திவிட்டதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.
•••

இந்தப் பட்டியலில் உள்ள எல்லாமே ஒரே சாதனை போலத் தலைப்புகளில் வந்தன. உண்மையில் இவற்றுக்கிடையே பெரிய இடைவெளி இருக்கிறது. 2013-ல் நடந்தது சர்ஜன் பார்ப்பதைப் பிறருக்குக் காட்டும் ஒளிபரப்பு. 2024-ல் நடந்தது, லேப்ராஸ்கோப் காட்சியையும் ஸ்கேன் படங்களையும் கழுத்தைத் திருப்பாமல் ஒரே பார்வைக்குள் கொண்டுவரும் வசதி. மணிக்கணக்கில் பக்கவாட்டு மானிட்டரைப் பார்த்துக் கழுத்துவலியோடு வீடு திரும்பும் லேப்ராஸ்கோப்பி சர்ஜன்களுக்கு இது சின்ன வசதி இல்லை. ஆனால் அங்கே படம் உறுப்பின் மீது ஒட்டவில்லை, பக்கத்தில் மிதக்கிறது. தவறினாலும் சர்ஜன் உறுப்பைப் பார்த்துத்தான் வெட்டுவார். லண்டனிலும் ஹாப்கின்ஸிலும் நடந்தது வேறு வகை. அங்கே படம் உடலோடு பொருந்தி, ‘இங்கே’ என்று விரல் நீட்டுகிறது. ஆபத்தும் பயனும் சேர்ந்தே இருப்பது இந்த இரண்டாவது வகையில்தான்.

நேற்றைய படம், இன்றைய உடல்

விரல் நீட்டும் படத்திடம் முதலில் கேட்க வேண்டியது, நீ எப்போது எடுக்கப்பட்டாய் என்பதுதான். சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் நேற்றோ போன வாரமோ எடுத்தவை. நோயாளி அப்போது மூச்சை அடக்கி, வயிறு மூடி, வேறொரு மேஜையில் படுத்திருந்தார். இன்று வயிறு திறந்திருக்கிறது, அல்லது கார்பன் டை ஆக்ஸைடு வாயுவால் உப்பியிருக்கிறது. உடல் சாய்த்துப் படுக்கவைக்கப்பட்டிருக்கிறது. நேற்றைய வரைபடம் இன்றைய நிலத்துக்குப் பொருந்துமா என்பது எந்த உறுப்பு என்பதைப் பொறுத்தது.

எலும்பு ஏமாற்றாது. முதுகெலும்பின் ஒரு கட்டை நேற்று இருந்த வடிவத்தில்தான் இன்றும் இருக்கும். முதுகெலும்பு அறுவையில் திருகாணி நுழைய வேண்டிய பெடிக்கிள் என்ற எலும்புத் தூண், நடுமுதுகில் பலருக்கு 5 மில்லிமீட்டர் அகலம்கூடத் தேறாது. அதன் உள்பக்கச் சுவரைத் தாண்டினால் தண்டுவடம். இவ்வளவு குறுகலான இடத்தில், அசையாத எலும்பின்மேல் பொருத்திய படம் உண்மையாகவே கை கொடுக்கிறது. சடலங்களில் செய்த சோதனைகளிலும் பின்னர் நோயாளிகளிடமும் 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட திருகாணிகள் சரியாக அமைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. திரும்பத் திரும்ப எக்ஸ்ரே அடித்துப் பார்ப்பது குறைவதால் தியேட்டரில் நிற்பவர்களுக்குக் கதிர்வீச்சும் குறைகிறது. ஏ.ஆர். தன் கட்டணத்தை நியாயப்படுத்தும் இடம் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

மூளை அப்படி இல்லை. மண்டையோட்டைத் திறந்து, டியூரா என்ற உறையை வெட்டியதும் மூளைத் தண்டுவட நீர் வடிகிறது. மூளை தன் எடையிலேயே கீழே இறங்குகிறது. சில நோயாளிகளிடம் இந்த இறக்கம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். கட்டியை வெட்ட வெட்ட மீதி மூளையும் இடம் மாறுகிறது. அறுவை தொடங்கும்போது துல்லியமாக இருந்த படம், நடுவில் எந்த எச்சரிக்கையும் கொடுக்காமல் பொய்யாகிவிடும். கோடு அதே பளிச்சென்ற நிறத்தில்தான் இருக்கும். கல்லீரல் இன்னும் மோசம். மூச்சு விடும்போதே ஓரிரு சென்டிமீட்டர் ஏறி இறங்கும், தொட்டால் நெளியும், ஒரு பகுதியை வெட்டியதும் வடிவமே மாறும்.

கண், அசையாத எலும்புக்கும் நெளியும் இந்த உறுப்புகளுக்கும் நடுவில் நிற்கிறது. உட்கார்ந்திருப்பவர் மல்லாந்து படுத்ததும் கண் தன் குழிக்குள் லேசாகச் சுழலும். பலருக்கு 2 முதல் 4 டிகிரி, சிலருக்கு 10 டிகிரிக்கும் மேல். இதனால்தான் நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, வெள்ளை விழியின் ஓரத்தில் மைப்பேனாவால் புள்ளி வைத்துவிட்டு, பிறகு படுக்கவைப்பது காலங்காலமாக நடக்கும் முறை. மை கண்ணீரில் கரைந்து பரவும். புள்ளியே இரண்டு மூன்று டிகிரி தடிமனாகிவிடும். ஏ.ஆர். கருவி என்ன செய்கிறது? உட்கார்ந்த நிலையில் எடுத்த படத்தில் வெள்ளை விழியின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் குறித்துக்கொள்கிறது. மேஜையில் படுத்தபின் மைக்ராஸ்கோப்பின் கேமராவில் அதே குழாய்களைத் தேடிப் பிடித்து, கண் எவ்வளவு சுழன்றிருக்கிறது என்று கணக்கிட்டு, கோட்டையும் அவ்வளவு திருப்புகிறது. நேற்றைய படம்தான், ஆனால் இன்றைய கண்ணின் அடையாளங்கள் ஒவ்வொரு நொடியும் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. அடையாளம் கிடைக்காவிட்டால் கோடு காணாமல் போகும். ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லத் தெரிந்த கருவி அது. இந்த ஒரு குணத்தை மற்ற எல்லா ஏ.ஆர். கருவிகளிடமும் நாம் கேட்க வேண்டும்.

•••
பெட்டிச் செய்தி: ஒரு டிகிரியின் விலை

டோரிக் லென்ஸ் சரியான கோணத்திலிருந்து ஒரு டிகிரி விலகினால், சிலிண்டர் பவரைத் திருத்தும் அதன் திறனில் சுமார் 3.3 சதவீதம் போகும். 10 டிகிரி விலகினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 30 டிகிரியில் பயன் முழுவதும் கரைந்து, சாதாரண லென்ஸ் வைத்திருந்தாலே போதும் என்ற நிலை. அதற்கும் மேல் விலகினால் பார்வை முன்பைவிடக் கெடும். மைப்புள்ளி முறையைவிட ஏ.ஆர். கோடு விலகலைக் குறைக்கிறது என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. குறையும் அளவு ஓரிரு டிகிரி. பயிற்சி பெற்ற கை வைத்த மைப்புள்ளியோடு ஒப்பிட்டால் நோயாளியின் இறுதிப் பார்வையில் வித்தியாசம் சிறியதே.
•••

இன்னொரு வழியும் இருக்கிறது. எனக்கு அதிக நம்பிக்கை தருவது அதுதான். நேற்றைய படத்தை ஒட்டவைப்பதை விட்டுவிட்டு, இந்த நொடியில் உடலே கொடுக்கும் சமிக்ஞையைப் பிடித்து அங்கேயே காட்டுவது. இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயத்துக்கு 1959-லேயே அமெரிக்காவில் மருத்துவ அனுமதி கிடைத்துவிட்டது. ரத்தத்தில் செலுத்தினால் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, கல்லீரல் வழியாகப் பித்தநீரில் வெளியேறும். அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் அது திருப்பி ஒளிரும். மனிதக் கண்ணுக்கு அந்த ஒளி தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவர்கள் பானசோனிக் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு கருவி செய்தார்கள். கேமரா பிடிக்கும் அந்த ஒளிர்வை, புரொஜெக்டர் உடனுக்குடன் கண்ணுக்குத் தெரியும் நிறமாக மாற்றிக் கல்லீரலின் மீதே வீசும். எந்தப் பகுதிக்கு ரத்தம் போகிறது, எங்கே எல்லை என்பது உறுப்பின் மேலேயே வண்ணமாகத் தெரிகிறது. கல்லீரல் நெளிந்தால் வண்ணமும் நெளியும். சர்ஜன் மானிட்டரைப் பார்க்க வேண்டாம், தலையில் எதையும் மாட்ட வேண்டாம், எதிரே நிற்கும் உதவியாளரும் அதையே பார்க்கிறார்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. புரொஜெக்டரால் மேற்பரப்பில் மட்டும்தான் வரைய முடியும். மேற்பரப்புக்கு அருகில் இருப்பதைக் காட்ட அது போதும். ஆழத்தில் இருக்கும் கட்டியைத் தோலின்மேல் வட்டமிட்டுக் காட்டினால் கதை மாறிவிடும். தொட்டித் தண்ணீருக்கடியில் கிடக்கும் காசின் நேர் மேலே, தண்ணீர்ப் பரப்பில் ஒரு பூவை மிதக்கவிட்டதைப் போல. நேர் மேலிருந்து பார்ப்பவருக்குப் பூவும் காசும் ஒன்றாகத் தெரியும். பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு இரண்டும் வேறு வேறு இடம். கணக்கு எளிது. கட்டி 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்து, சர்ஜன் 30 டிகிரி சாய்வில் பார்த்து, அந்தப் பார்வைக்கோட்டிலேயே கருவியை இறக்கினால், கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் தள்ளிப் போய் நிற்பார். தலையில் மாட்டும் கண்ணாடிகள் இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தவை. பார்ப்பவரின் தலை எங்கே இருக்கிறது என்று அறிந்து அதற்கேற்பப் படத்தை வரைகின்றன. அங்கே வேறு சிக்கல்: ஹோலோலென்ஸ் போன்ற கண்ணாடிகளின் படம் ஏறக்குறைய 2 மீட்டர் தொலைவில் குவிகிறது. சர்ஜனின் கை இருப்பதோ அரை மீட்டரில். கண் எதைக் குவிப்பது என்று தவிக்கிறது. ஆழம் மதிப்பிடுவதில் பிழை வருகிறது, தலையும் வலிக்கிறது.

கோட்டைப் பார்த்த கண் மற்றதைப் பார்த்ததா?

படம் துல்லியமாகவே பொருந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு விலை இருக்கிறது. கனடாவின் டொராண்டோவில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றை, இந்தக் கருவிகளை வாங்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் படித்திருக்க வேண்டும். சடலம் ஒன்றில் எண்டோஸ்கோப் வழியாகக் குறிப்பிட்ட புள்ளியை அடைய வேண்டும் என்று சர்ஜன்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் வேலை கொடுத்தார்கள். 17 பேருக்கு வழக்கமான எண்டோஸ்கோப் காட்சி. 15 பேருக்கு அதன்மேல் ஏ.ஆர். கோடுகள். இலக்குக்குப் பக்கத்திலேயே, யாரிடமும் சொல்லாமல் இரண்டு விஷயங்களை வைத்தார்கள். ஒன்று, ஆபத்தான ஒரு சிக்கலின் அறிகுறி. இன்னொன்று, அங்கே இருக்கவே கூடாத ஒரு திருகாணி.

ஏ.ஆர். அணியினர் இலக்கைத் துல்லியமாகத் தொட்டார்கள். அவர்களுடைய விலகலின் இடைநிலை 2.1 மில்லிமீட்டர், மற்றவர்களுக்கு 4.13. ஆனால் அந்த இரண்டில் ஏதாவது ஒன்றையாவது கவனித்தவர்கள் வழக்கமான அணியில் 17 பேரில் 12 பேர், ஏ.ஆர். அணியில் 15 பேரில் ஒரே ஒருவர். கண்ணெதிரே கிடந்த திருகாணியைக் கண் பார்க்கவில்லை, ஏனென்றால் கோடு கண்ணை இழுத்து வைத்திருந்தது. இதில் யாருடைய திறமையையும் குறைசொல்ல ஒன்றுமில்லை. மனித கவனம் அப்படித்தான் இயங்குகிறது. போர் விமானிகளின் கண்ணாடித் திரையில் இதே பிரச்னையை விமானத்துறை முன்பே சந்தித்திருக்கிறது. கருவியின் துல்லியம் மட்டும் உயர்ந்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எளிய கருவி ஒன்றிலும் இதே பாடம் கிடைக்கிறது. குழந்தைகளுக்கு டிரிப்ஸ் போட நரம்பு கிடைக்காதபோது கையின்மேல் பிடிக்கும் வெயின் ஃபைண்டரைப் பலர் பார்த்திருப்பீர்கள். ரத்தத்தின் ஹீமோகுளோபின் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும். அந்த நிழலைக் கேமரா பிடிக்கும். கருவி அதைத் தோலின்மேலேயே பச்சையாகவோ சிவப்பாகவோ வீசும். குழந்தையின் புறங்கையில் திடீரெனக் கிளைகிளையாக ரத்தக் குழாய்கள் ஒளிர்வதைப் பார்க்கும் அம்மாவுக்கு, இனி ஒரே குத்தில் வேலை முடிந்துவிடும் என்றுதான் தோன்றும். குழந்தைகளிடம் முறையாக நடத்திய பல ஒப்பீட்டுச் சோதனைகளில், முதல் குத்திலேயே வெற்றி கிடைக்கும் விகிதம் பொதுவாக உயரவில்லை. நரம்பு கிடைப்பது நிஜமாகவே கடினமான குழந்தைகளிடம் மட்டும் ஓரளவு பயன் தெரிந்தது. குழாய் எங்கே ஓடுகிறது என்று ஒளி சொல்லும். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, ஊசி நுழைந்ததும் நழுவுமா என்பதை அது சொல்லாது. அதை இன்னமும் நர்ஸின் விரல்நுனிதான் அறிகிறது. தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தினால் நல்ல கருவி. எல்லார் கையிலும் பிடித்தால் வீண் நம்பிக்கை.

மறுப்புகள்

இப்படிக் கேள்வி கேட்பது முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை என்று சிலர் சொல்லலாம். லேப்ராஸ்கோப்பி வந்தபோதும் இப்படித்தான் பயமுறுத்தினார்கள், இன்று வயிற்றைத் திறந்து பித்தப்பையை எடுப்பவர் உண்டா என்று கேட்கலாம். அந்த உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். மும்பையில் டாக்டர் தெஹம்தன் உத்வாடியா 1990-ல் இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப்பி பித்தப்பை அறுவையைச் செய்தார். அந்த முறை வென்றது, வெல்ல வேண்டியதுதான். ஆனால் உலகெங்கும் அது பரவிய முதல் ஆண்டுகளில் பித்தக்குழாய்க் காயங்கள் திறந்த அறுவையில் இருந்ததைவிட இரண்டு மூன்று மடங்கு உயர்ந்தன. பித்தக்குழாய் அறுபட்டவர் வாழ்நாள் முழுக்க அவதிப்படுவார். புதிய காட்சிக்குக் கண் பழகும் காலத்தின் விலையை அந்த நோயாளிகள் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்த விலையால் பிறந்ததுதான் இன்றைய பயிற்சி முறையும், வெட்டும் முன் எதையெல்லாம் உறுதி செய்ய வேண்டும் என்ற விதிமுறையும். அந்தப் பாடத்தை முதலிலிருந்து இன்னொரு முறை படிக்க வேண்டுமா?

கைதேர்ந்த சர்ஜனுக்குக் கோடு எதற்கு என்று கேட்பவர்கள் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறார்கள். மயிலாப்பூர் மாமிக்குக் கண்ணாடியே தேவையில்லாமல் செய்த அனுபவசாலிகள் இந்த ஊரில் நிறைய உண்டு. அவர்களுக்கு மைப்புள்ளியே போதும். உண்மைதான். ஆனால் ஒரு மருத்துவமனையின் தரத்தை அதன் மிகச் சிறந்த கையை வைத்து அளக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை டியூட்டியில் இருக்கும் இளைய டாக்டரின் கையை வைத்துத்தான் அளக்க வேண்டும். நல்ல கோடு, சிறந்தவருக்கும் மற்றவருக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும். அந்த இளைய டாக்டர் கோடு இல்லாமலும் செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. நடு ஆபரேஷனில் கேமரா அடையாளத்தைத் தவறவிட்டால், மைப்புள்ளி வைக்கக் கற்றவர் தொடர்வார், கற்காதவர் திகைப்பார்.

அரசு மருத்துவமனை வார்டுகளில் கட்டில் போதாதபோது இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு என்பது மூன்றாவது மறுப்பு. இதில் கோபத்துக்கு நியாயம் உண்டு. முடிவில் எனக்கு உடன்பாடில்லை. ஓமந்தூரார் தோட்டத்து அரசு பல்நோக்கு மருத்துவமனைக்கு 2022-ல் சுமார் 35 கோடி ரூபாயில் ரோபோ அறுவைக் கருவி வந்தது. 2023 ஜூனில் கிண்டியில் 1,000 படுக்கைகளோடு கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை திறந்தது. உயர் தொழில்நுட்பம் அரசு மருத்துவமனைக்கு வராது என்ற காலம் போய்விட்டது. இனி வரப்போகும் கருவி எது, அது எந்த நோயாளிக்கு என்று முடிவு செய்வதுதான் விஷயம். முதுகெலும்பு அறுவைக்கு எலும்போடு பொருந்தும் படம், கல்லீரலுக்கும் பித்தக்குழாய்க்கும் சாயத்தின் நேரடி ஒளிர்வு என்று சான்று உள்ள இடத்தில் செலவழித்தால், அது ஏழை நோயாளியின் மறு அறுவையைத் தவிர்க்கும் செலவு. நேற்றைய சி.டி.யை அசையும் உறுப்பின்மேல் மிதக்கவிடும் கண்ணாடிக்குச் செலவழித்தால், அது திறப்பு விழாவுக்கான செலவு.

அடையாறில் தினமும் காலையில்...

உடல்மேல் ஒளியை வீசி அதன்படி சிகிச்சை செய்வது சென்னையில் புதிதே இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், 1950-களிலேயே கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி வந்துவிட்டது. கதிர்வீச்சுச் சிகிச்சை அறைக்குள் போனவர்களுக்குத் தெரியும். மேஜையில் படுத்ததும் விளக்கைக் குறைப்பார்கள். கருவியின் தலையிலிருந்து ஒரு செவ்வக ஒளி மார்பிலோ வயிற்றிலோ விழும், நடுவில் நிழலாக ஒரு கூட்டல் குறி. சுவர்களிலிருந்து மெல்லிய லேசர் கோடுகள் வந்து, தோலில் குத்தப்பட்ட புள்ளிகளைக் கடக்கும். கண்ணுக்குத் தெரியாத கதிர் எங்கே பாயப்போகிறது என்று கண்ணுக்குத் தெரியும் ஒளி முன்கூட்டியே காட்டுகிறது. இன்றைய பாஷையில் சொன்னால் அது ஏ.ஆர். புரொஜெக்‌ஷன்தான்.

அந்த ஒளியை யாரும் சும்மா நம்புவதில்லை. உலகம் முழுக்கக் கதிர்வீச்சுத் துறையில் மருத்துவ இயற்பியலாளர் என்றொரு பதவி இருக்கிறது. முதல் நோயாளி உள்ளே வருமுன் லேசர்கள் சரியான புள்ளியில் சந்திக்கின்றனவா என்று தினமும் பார்ப்பார்கள். ஒளிச் செவ்வகமும் நிஜக் கதிரின் எல்லையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று மாதந்தோறும் அளப்பார்கள். எல்லைக்கு வெளியே போனால் அன்று சிகிச்சை நிற்கும். அளந்தவர் பெயர், தேதி, எண் எல்லாம் பதிவேட்டில் இருக்கும். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இதைக் கண்காணிக்கிறது. தகுதி பெற்ற இயற்பியலாளரும் கதிர்ப் பாதுகாப்பு அலுவலரும் இல்லாமல் அந்தக் கருவியை இயக்கவே முடியாது.

•••
பெட்டிச் செய்தி: 2 மில்லிமீட்டர் ஒழுக்கம்

அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி நெறி, கதிர்வீச்சு அறையின் லேசர்களுக்குச் சாதாரண சிகிச்சையில் 2 மில்லிமீட்டர் விலகல்வரை இடம் தருகிறது. மூளைக் கட்டியைக் குறிவைக்கும் ஸ்டீரியோடாக்டிக் சிகிச்சை என்றால் 1 மில்லிமீட்டர்தான். ஒரே லேசர், ஒரே சுவர். வேலை மாறினால் அனுமதிக்கும் பிழையும் மாறுகிறது. தினம் பார்ப்பது எது, மாதம் ஒருமுறை பார்ப்பது எது, ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது எது என்று தனித்தனி அட்டவணைகள் உண்டு.
•••

இதை அப்படியே ஆபரேஷன் தியேட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலை முதல் கேஸுக்கு முன், மைக்ராஸ்கோப்பில் விழும் கோட்டை ஒரு மாதிரிக் கண்ணை வைத்துச் சோதித்துப் பதிவேட்டில் எழுதுபவர் யார்? தலையில் மாட்டும் கண்ணாடி போன வாரம் கீழே விழுந்து கேமரா அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் அதைக் கண்டுபிடிப்பது யார் பொறுப்பு? கம்பெனி இன்ஜினீயர் சர்வீஸுக்கு வரும்போது பார்ப்பார் என்பது பதிலாகாது. கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாத ஆபத்து என்பதால் அங்கே சட்டம் கடுமையாக இருக்கிறது. தவறான இடத்தில் விழும் கோடும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துதான். தவறு என்று அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை.

சட்டத்தில் அடித்தளம் இருக்கிறது. மருத்துவக் கருவிகளுக்கான 2017-ம் ஆண்டு விதிகள் உள்ளன. 2020 ஏப்ரல் 1 முதல், மென்பொருள் உட்பட எல்லா மருத்துவக் கருவிகளும் ஒழுங்குமுறைக்குள் வந்துவிட்டன. ஆனால் கடையில் எவரும் வாங்கக்கூடிய ஹெட்செட்டை மருத்துவமனை வாங்கித் தியேட்டரில் மாட்டும்போது அது வீட்டுச் சாதனமா, மருத்துவக் கருவியா? பக்கத்தில் ஸ்கேனைக் காட்டும்வரை அது வெறும் திரை. உறுப்பின்மேல் கோடு போடத் தொடங்கிய நொடியே அது மருத்துவக் கருவி என்று வரையறுப்பதுதான் சரி. இந்த எல்லைக்கோட்டைத் தெளிவாக எழுதிவைப்பதற்கு ஏதாவது விபரீதம் நடக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

ஆள் பலம் இந்த நகரத்திலேயே இருக்கிறது. கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் முதுநிலைப் படிப்பு நடக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஏ.ஆர்., வி.ஆர். ஆய்வுக்கென எக்ஸ்டிக் என்ற மையமும், மருத்துவக் கருவிகளை உருவாக்க ஹெச்.டி.ஐ.சி. என்ற மையமும் இயங்குகின்றன. அங்கிருந்து ஆட்டோவில் கால் மணி நேரத்தில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. கருவி செய்யத் தெரிந்தவர்களும், அதன் பிழையை அளக்கத் தெரிந்தவர்களும், அந்த அளவீட்டை அன்றாட ஒழுக்கமாக்கியவர்களும் ஒரே வட்டாரத்தில் இருக்கிறார்கள். மாதிரி உறுப்பை வைத்து ஏ.ஆர். கருவியைச் சோதிக்கும் எளிய முறை ஒன்றை இவர்கள் சேர்ந்து உருவாக்கினால், இந்தியா முழுவதும் அதைப் பின்பற்றலாம்.

முதல் படியை எடுக்க வேண்டியது, அரசு மருத்துவமனைகளுக்குக் கருவிகள் வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அடுத்த முறை ஏ.ஆர். வசதியுள்ள மைக்ராஸ்கோப்புக்கோ முதுகெலும்பு வழிகாட்டிக்கோ டெண்டர் கோரும்போது, விலைக்கும் வாரன்டிக்கும் பக்கத்தில் சில வரிகள் கூடுதலாகச் சேர்த்தால் போதும். எந்த உறுப்பில், எந்த வேலைக்கு, எத்தனை மில்லிமீட்டர் அல்லது டிகிரிக்குள் பிழை இருக்கும் என்று கம்பெனி எழுதித் தர வேண்டும். தினசரிச் சோதனைக்கான மாதிரி உறுப்பைக் கருவியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். அடையாளம் தவறினால் படம் தானாக அணைய வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் இதே எண்களை ஒப்புதல் படிவத்தில் தமிழில் அச்சிட்டால், கையெழுத்துப் போடும் முன் நோயாளியின் மகளோ மகனோ, “இன்னைக்குக் காலையில செக் பண்ணீங்களா டாக்டர்?” என்று தயக்கமில்லாமல் கேட்க முடியும்.